தம்பிக்குக் காப்பு மாட்டியாச்சு

எனக்கு வாய் அதிகம். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம். சலவைக்கடையில் இருபது வருடமாக இஸ்திரி போடுகிறேன். நாள் முழுக்க ஆவி முகத்தில் அடிக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சூடு இறங்காது. "அக்கா பேசினா போதும், சட்டைக்கு வேற இஸ்திரி தேவையில்ல" என்பான் தம்பி. நாற்பத்து மூன்று வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் என் வாய்தான் காரணம் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது என் கல்யாணத்தைப் பற்றி அல்ல, தம்பியின் கல்யாணத்தைப் பற்றி. அதை நான் மூன்றே வார்த்தையில் நிறுத்தினேன்.

தம்பி என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். லிஃப்ட் மெக்கானிக். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. அதன் பிறகு அவனுக்குத் தலைவாரிவிட்டது, பாடம் சொல்லிக்கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் அவனை அடித்த பையனின் அம்மாவோடு தெருவில் நின்று சண்டை போட்டது எல்லாம் நான்தான். அப்பா இருந்தார், ஆனால் இருந்தார் என்று மட்டும்தான் சொல்லலாம். அவரும் போய் ஆறு வருடம் ஆகிறது. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, நாங்கள் இரண்டு பேர். இதுதான் வீடு.

அவன் கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. கடை மூன்றாவது மாடியில். ஒரு நாள் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவள் மட்டும். நாற்பது நிமிடம். தம்பி கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறான். "பயப்படாதீங்க, விழாது. விழுறதா இருந்தா இதுக்குள்ள விழுந்திருக்கும்" என்றானாம். "ஆறுதல் சொல்ற லட்சணமா இது?" என்று உள்ளேயிருந்து கேட்டாளாம். அப்படி ஆரம்பித்தது. பெண்ணின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. டீச்சரம்மா என்றுதான் நாங்கள் சொல்வோம். அவர் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மெல்ல இறங்கிவந்தார். பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியாயிற்று. இன்னும் பத்தொன்பது நாள். தம்பி குளியலறையில் பாட ஆரம்பித்திருந்தான். கேட்கச் சகிக்காது, ஆனாலும் நான் குழாயை மூடிவிட்டுக் கேட்பேன்.

அந்தச் சமயத்தில்தான் வளையப் பிரச்சினை வந்தது. அப்பா லாரி ஓட்டிய காலத்திலிருந்தே வலது கையில் தடிமனான எஃகு வளையம் ஒன்று போட்டிருந்தார். அவர் போன அன்றிலிருந்து அது தம்பியின் கையில் இருந்தது. ஒரு நாள் மின்பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறான், வளையம் ஏதோ கம்பியில் பட்டுப் பொறி பறந்திருக்கிறது. சட்டைக் கை கருகியதோடு போயிற்று. போர்மேன் விட்டு விளாசிவிட்டார். "ஒண்ணு அதைக் கழட்டு, இல்ல வேலையை விட்டுக் கழண்டுக்கோ!"

கழற்றி வைத்தான். அதிலிருந்து பாருங்கள், சாப்பிடும்போது, பேசும்போது, சும்மா இருக்கும்போதுகூட அந்த வெறும் மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தான். "என்னடா, கொசு கடிச்சுதா?" என்றேன். "இல்லக்கா, அப்பா இல்லாத மாதிரி இருக்கு" என்றான். மாப்பிள்ளை ஆகப்போகிறவன் இப்படிப் பேசினால் எனக்கு என்னவோ செய்யும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "எருமை மாதிரி வளர்ந்துட்டு பேச்சைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

நூலில் ஒன்று பின்னிப்போட்டால் என்ன என்று தோன்றியது. நூலில் மின்சாரம் பாயாது, போர்மேனும் வாயைத் திறக்க முடியாது. சலவைக்கடையில் என்னோடு வேலை பார்க்கிறவள் கொக்கி ஊசி ஒன்றைக் கொடுத்தாள். பேனா நீளம், நுனியில் சின்னதாக வளைந்த கொக்கி, அவ்வளவுதான். கடைக்குப் போய் அடர்நீலத்தில் பருத்தி நூல் ஒரு உருண்டை வாங்கினேன். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நூல்துண்டை அவன் மணிக்கட்டில் சுற்றி அளவெடுத்தேன். "என்னக்கா, என்னைக் கட்டிப்போடப் போறியா?" என்றான். "ஆமா, கல்யாணத்துக்கு முன்னாடி ஓடிடாம இருக்க" என்றேன்.

செல்போனில் ஒரு பெண் பின்னிக் காட்டினாள். அவள் விரலில் வெண்ணெய் தடவியது போல நூல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. "மிகவும் சுலபம், பத்தே நிமிடம்" என்கிறாள். அவள் தலையில் இடி விழ. எனக்கு முதல் சுருக்கு முடிச்சுப் போடவே அரை மணி ஆயிற்று. சுருக்குக்குள் கொக்கியை விட வேண்டும், நூலைக் கொக்கியில் பிடித்து அந்தச் சுருக்கின் வழியாக இழுக்க வேண்டும், ஒரு கண்ணி. மறுபடி பிடித்து இழு, இன்னொரு கண்ணி. இப்படி முப்பத்தெட்டுக் கண்ணி சேர்ந்தால் சங்கிலி மாதிரி ஒரு கயிறு வரும். அதுதான் அடித்தளம். பிறகு திரும்பி, அதே கண்ணிகளுக்குள் ஒவ்வொன்றாகக் கொக்கியை விட்டு அடுத்த வரிசை.

சங்கிலி வந்துவிட்டது. திரும்பினால் கொக்கி ஒரு கண்ணிக்குள்ளும் நுழைய மாட்டேன் என்கிறது. அவ்வளவு இறுக்கிப் பின்னியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, யார் மேலயோ இருக்கிற கோபத்தை நூல் மேல காட்டாத" என்றான். "உன் மேலதான்டா" என்று சொல்லி முழுவதையும் உருவிப்போட்டேன். கொக்கிப் பின்னலில் அதுதான் ஒரே நல்ல விஷயம். முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கோபித்துக்கொள்ளாமல் பிரிந்து வந்துவிடும்.

இரண்டாவது தடவை கையைத் தளர்த்திப் பின்னினேன். வரிசை ஏற ஏறப் பட்டை ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போயிற்று. எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு, அப்புறம் முப்பத்தாறு, அப்புறம் முப்பத்தைந்து. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியைக் கண்ணில் படாமல் விட்டிருக்கிறேன். மறுபடி உருவல். மூன்றாவது தடவை வரிசை முடியும்போதெல்லாம் உரக்க எண்ணினேன். நான்கு வரிசை. இரண்டு பக்கமும் ஒரே அகலம். கோணல்மாணல் கொஞ்சம் இருந்தது, ஆனாலும் என் கையால் ஒன்று வந்துவிட்டது. வீட்டில் யாருக்காவது காட்ட வேண்டும் போல இருந்தது. இருந்தது தம்பி ஒருவன்தான், அவனுக்கே நாலு தடவை காட்டினேன்.

ஒரு முனையில் பொத்தான் வைத்தேன். காலையில் போட்டுவிட்டால் மதியத்துக்குள் நூல் நெகிழ்ந்து பொத்தான் நழுவியது. "பொத்தானும் வேண்டாம் கித்தானும் வேண்டாம், கையைக் கொடு" என்று சமையல் மேடைப் பக்கம் அவனை உட்காரவைத்து, இரண்டு முனையையும் அவன் மணிக்கட்டிலேயே சேர்த்துத் தைத்துவிட்டேன். ஊசி குத்திவிடும் என்று கையை இழுத்தான், அலறினான், அடம்பிடித்தான். முடிந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பா பார்த்திருந்தா சிரிச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். போர்மேனும் பார்த்துவிட்டு, நூல்தானே, கையுறைக்குள் போய்விடுகிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இங்கே ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த எஃகு வளையத்தை வளையம் என்றுதான் சொல்வோம். ஊரெல்லாம் அதற்குக் காப்பு என்று பெயர், போலீஸ் மாட்டும் விலங்குக்கும் அதே பெயர்தான். அந்த வார்த்தையை அம்மா வீட்டைவிட்டே துரத்தியிருந்தாள். தம்பிக்கு மூன்று வயதாக இருந்தபோது, அப்பா மூன்று நாள் தூங்காமல் லாரி ஓட்டிவந்தார். விடியும் நேரத்தில் கண் செருகிவிட்டது. சாலையோரம் பேருந்துக்காக நின்றிருந்த ஒரு பெண்ணின் மேல் வண்டி ஏறிவிட்டது. அவள் அங்கேயே இறந்துபோனாள். அப்பா ஓடவில்லை. போலீஸ் வரும்வரை அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். "டிரைவருக்குக் காப்பு மாட்டிட்டாங்களாம்" என்று தெரு முழுக்கப் பேசியது. எந்தக் கதவு திறந்தாலும் அதே பேச்சு. இரண்டு வருடம் உள்ளே இருந்தார். நாங்கள் வேறு ஊருக்குக் குடிவந்தோம்.

தம்பியிடம் அப்பா கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னது நான். எனக்குப் பதினேழு வயது. அழுகிற குழந்தைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. கப்பலின் நிறம், சமையல்காரரின் மீசை, அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த வட்ட ஜன்னல் என்று தினமும் ஒன்றைச் சேர்த்தேன். அப்பா திரும்பிவந்த பிறகு லாரியைத் தொடவில்லை. ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். கண்பார்வை குறைந்துவிட்டது என்று சொன்னேன். "அப்பா நல்லா ஓட்டுவாராக்கா?" என்று தம்பி கேட்பான். "இருபது வருஷம் ஓட்டினாரு, ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிச்சதில்ல" என்பேன். ஒரு தடவை அப்பா அதைக் கேட்டுவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். பெரியவனானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு அவனுக்குப் பரீட்சை வந்தது, வேலை வந்தது, அப்பாவின் சாவு வந்தது. இப்போது கல்யாணம் வந்திருந்தது.

இவ்வளவும் தெரிந்தவர்கள் என்று இன்று உயிரோடு இருப்பது நானும் பெரியம்மாவும்தான். பெரியம்மாவுக்கு ஒரு காதுதான் கேட்கும், ஆனால் வாய் இரண்டு பேருக்கானது. உறவில் எல்லோரும் அவளை ரேடியோ என்பார்கள். நல்லவள். யாருக்காவது ஒன்றென்றால் முதலில் அழுகிறவள் அவள்தான். இருபத்தாறு வருடம் எங்களுக்காக இந்த ஒரு விஷயத்தை மட்டும் மென்று விழுங்கிவிட்டு, தம்பி கேட்டால் அவளும் என் கப்பலையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி நூல் வளையத்தோடு வேலைக்குப் போன அன்று, கடையில் சூடு தாங்காமல் வியர்த்துக்கொட்டினாலும் எனக்கு மனசு நிறைந்திருந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அத்தனை வருடம் நாக்கில் வராத வார்த்தை அன்றைக்குப் பார்த்து வந்து தொலைத்தது.

"பெரியம்மா, தம்பிக்குக் காப்பு மாட்டியாச்சு!"

"என்னது? காப்பா? ஐயோ, யாருடி மாட்டினது?"

"வேற யாரு? நான்தான். என் கையாலயே."

"நீயா? பெத்த பிள்ளை மாதிரி வளர்த்துட்டு நீயேவாடி?"

"வளர்த்தவதானே மாட்டணும்! முரண்டு பிடிச்சான், கத்தினான், விட்டேனா? கையைப் பிடிச்சு மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். இனிமே அவனே நினைச்சாலும் கழட்ட முடியாது."

அவள் ஏதோ கேட்டாள். பின்னால் கொதிகலன் சீறி ஆவியை விட்டது. ஒன்றும் காதில் விழவில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான் பெரியம்மா!" என்று கத்திவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் எட்டுத் தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு அன்று ஓட்டல் விரிப்புகள் மலை மாதிரி வந்து குவிந்திருந்தன, பையைத் தொடவே நேரமில்லை. நான் எடுக்காததால், கல்யாணமாவது நிற்காமல் இருக்கட்டும் என்று பெரியம்மா நேராக டீச்சரம்மாவுக்கே போன் செய்துவிட்டாள்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தம்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் சோப்புக் கையோடு போய்த் திறந்தான். டீச்சரம்மா நின்றிருந்தார். இவன் முகத்தைப் பார்த்தார், இரண்டு கையையும் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"நீங்க... வீட்டுலயா இருக்கீங்க?"

"ஷிஃப்ட் சீக்கிரம் முடிஞ்சுது அத்தை. உள்ள வாங்க."

"உங்களைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு உங்க பெரியம்மா..."

தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எனக்குப் பொறி தட்டியது. "கடவுளே, காப்பு!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நான் போனில் பேசியதை அப்படியே ஒப்பித்தேன். முரண்டு பிடித்தான், கழற்ற முடியாது, எல்லாம். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நூல் பட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுதான் அத்தை விலங்கு. ஆயுள் தண்டனை" என்றான். டீச்சரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருடத்தில் அவர் எங்கள் வீட்டில் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தச் சிரிப்பு மாறாமலேயே கேட்டார். "என்னை ஒரு நிமிஷம் கொன்னுட்டாங்க உங்க பெரியம்மா. 'அப்பனுக்கு மாட்டினப்பவும் இப்படித்தான் இடி மாதிரி வந்துச்சு, ஒரு பொம்பளை உயிரே போச்சு, ஆனாலும் ரெண்டே வருஷத்துல வெளிய வந்துட்டாரு, நீங்க மனசை விட்றாதீங்க'ன்னு ஒரே அழுகை. அதுவும் இந்த மாதிரி ஏதோ நூல் கதைதானே?"

தம்பி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "அப்பாவுக்கு யாருக்கா மாட்டினது? அதுவும் நீதானா?"

ஆமாம்டா என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி போதும். இருபத்தாறு வருடம் கப்பல் ஓட்டியவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு வருகிற இந்த வாய், அந்த நேரம் பார்த்து ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த செம்பை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"அக்கா?" என்றான். சிரிப்புக் குறைந்திருந்தது. பிறகு மறுபடி, "அக்கா?"

டீச்சரம்மா முப்பது வருடம் பிள்ளைகளை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டவர். பேசாமல் நிற்கிற முகத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? டம்ளரைக் கீழே வைத்தார். "நான் வரேன். அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கத்தியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும்.

தம்பி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான். கையில் சோப்பு காய்ந்துபோயிருந்தது.

"கப்பல்?"

"இல்லடா."

"கண்ணு தெரியலன்னு சொன்னது?"

"இல்லடா."

"கோழிக்குஞ்சு?"

"நான் சொன்னதுடா. அப்பா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல."

நடந்ததை முழுவதும் சொன்னேன். முடித்ததும் எழுந்துபோய் மிச்சப் பாத்திரங்களைக் கழுவினான். அடிப்பான், திட்டுவான், எதையாவது போட்டு உடைப்பான் என்று காத்திருந்தேன். எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவைத்துவிட்டு, "அந்தப் பொம்பளை பேரு என்ன?" என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடிக்கடைப் பெண்ணிடம் அவன் உடனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதன் பிறகு ஐந்து நாள் அவன் போன் அடிக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சரம்மாவுக்கு நான் போன் செய்தால் எடுக்கவில்லை. பெரியம்மா வந்து அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "உங்க மேல தப்பில்ல பெரியம்மா, நல்லது நினைச்சுதானே செஞ்சீங்க" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டுவந்தான். என்னிடமும் அதே குரலில்தான் பேசினான். அவன் திட்டாதது எனக்குத் தாங்கவில்லை.

ஆறாம் நாள் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கடைக்குப் போனேன். மாடிப்படியில் ஏறினேன், அந்த லிஃப்டில் ஏற மனசு வரவில்லை. அவள் ஒரு கண்ணாடிச் சட்டத்தில் கடுகு அளவு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கக்கா" என்றாள். அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"அவன் உன்கிட்டப் பொய் சொல்லலம்மா. அவனுக்கே தெரியாது. எல்லாம் என் வேலை. என்னை என்ன வேணாலும் சொல்லு, அவனை விட்டுடாத."

"தெரியும்க்கா. முதல்ல அவர் மறைச்சிட்டாருன்னுதான் நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது."

"எங்க அப்பா செஞ்சது..."

"உங்க அப்பா மேல எனக்குக் கோபமே இல்ல. தூங்கிட்டாரு. ஆனா ஓடாம அங்கயே உட்கார்ந்திருந்தாரு. அவர் இருந்திருந்தா அந்த வீட்டுக்கு நான் பயமில்லாம வந்திருப்பேன்."

"அப்புறம் என்னம்மா?"

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "நீங்கதான்க்கா. மன்னிச்சுக்கோங்க. கையில தூக்கி வளர்த்த தம்பிகிட்டயே இருபத்தாறு வருஷம் இவ்வளவு அழகா சொல்லியிருக்கீங்க. நாளைக்கு என்கிட்ட நீங்க எது சொன்னாலும், என் குழந்தைகிட்ட எது சொன்னாலும், அது நிஜமான்னு நான் யார்கிட்டப் போய்க் கேட்பேன்? நல்லதுக்குன்னுதான் சொல்லுவீங்க. அதுதான் எனக்கு பயம்."

"நான் தனியா போயிடுறேன். இன்னைக்கே ஒரு ரூம் பார்த்துட்டுப் போயிடுறேன்."

"நானும் அதைத்தான் அவர்கிட்டக் கேட்டேன். நேத்து இங்க வந்திருந்தாரு. 'அக்காவுக்கு வேற யாரு இருக்கா'ன்னு சொல்லிட்டாரு."

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் நான் நானாயிற்றே. தலைக்கு ஏறிவிட்டது. "அந்தரத்துல தொங்கினப்ப உன்னைக் காப்பாத்தி இறக்கினவன் அவன். அந்த நன்றி இல்லாம நியாயம் பேசுறியா? நீ மட்டும் உங்க அம்மாகிட்ட ஒரு பொய்யும் சொல்லாத உத்தமியா?" என்று கத்திவிட்டேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்து தரையில் எதையோ தேடினாள். திருகாணி விழுந்துவிட்டது போல. நானும் மண்டிபோட்டு அவளோடு தேடினேன். கிடைக்கவில்லை. "பரவாயில்லக்கா, நீங்க போங்க" என்றாள்.

பத்தொன்பதாவது நாள் வந்தது, போயிற்று. தம்பி அன்றும் வேலைக்குப் போனான். நூல் பட்டை கிரீஸ் அப்பிக் கறுத்துப்போய் அவன் கையில்தான் இருந்தது. வெட்டிப்போடுடா என்று நானே சொன்னேன், பரவாயில்லை என்றான். நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: இனி எது கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வது. கடையில் ஒரு சட்டையைத் தீய்த்துவிட்டேன், முதலாளியிடம் நானே போய்ச் சொல்லித் திட்டு வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி புதுத் துணி எப்படி இருக்கிறது என்று கேட்டாள், நன்றாக இல்லை என்றேன். அவள் இப்போது பேசுவதில்லை. ஒரு பெண் தன் பேச்சைத் திரும்ப நம்பவைக்க என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டில் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? கோபப்படக் கூடாது."

"கேளுடா. எது வேணாலும் கேளு."

"அம்மா எப்படிச் செத்தாங்க?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "காய்ச்சல்டா" என்றேன். "உனக்குத்தான் தெரியுமே. அஞ்சு நாள் காய்ச்சல். முதல்ல சாதாரணக் காய்ச்சல்னு மாத்திரை கொடுத்தாங்க. நாலாம் நாள் ஆஸ்பத்திரில சேர்த்தோம். ஜன்னல் ஓரத்துக் கட்டில். பச்சைத் திரை போட்டிருந்துச்சு. ராத்திரி பூரா நான் ஈரத்துணி மாத்திக்கிட்டே இருந்தேன். பக்கத்துக் கட்டில் பாட்டிகூட ஒரு ஆரஞ்சு கொடுத்தாங்க, அதை உரிச்சு..."

பேசிக்கொண்டே போனவள் நிறுத்திவிட்டேன். என் குரல் என் காதிலேயே விழுந்தது. பச்சைத் திரை, ஜன்னல், ஆரஞ்சு. கப்பலைப் பற்றியும் நான் இப்படித்தானே சொல்லியிருக்கிறேன்? அதே ஏற்ற இறக்கம், அதே சின்னச் சின்ன விவரம். எதுவுமே தெரியாத மாதிரி சொன்னால்தான் நம்புவானோ என்று தோன்றியது. ஆனால் எனக்கு எல்லாம் தெரியுமே, நான் அங்கேயே இருந்தேனே.

"நிஜம்டா" என்றேன். "இது நிஜம். வேணும்னா பெரியம்மாகிட்டக் கேட்டுப் பாரு."

"கேட்டேன்க்கா" என்றான். "அவங்களும் இதேதான் சொன்னாங்க. அந்த ஆரஞ்சுகூட விடாம."

"அப்புறம் என்னடா? நடந்ததைத்தானே ரெண்டு பேரும் சொல்றோம்?"

"கப்பலும் ரெண்டு பேரும்தானேக்கா சொன்னீங்க."

அவன் குரலில் கோபமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், அம்மா காய்ச்சல்லதான்டா போனாங்க. என்னை நம்புடா" என்றேன். அவன் கையை உதறவில்லை. நான் பிடித்திருந்த கையை அப்படியே என்னிடம் விட்டுவிட்டு மற்றக் கையால் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"சரிக்கா. இனிமே நான் எதுவும் கேட்கல. சாப்பிடு, ஆறிடும்."